புயல் ஓய்ந்த மறுநாள்

மூன்று நாள்கள் இடைவிடாது வீசிய பனிப்புயல் ஓய்ந்துவிட்டது. நான்காம் நாள் காலையில் வானம் மாசுமறுவற்ற நீலமாய் விரிகிறது. கதிரவன் எழுந்ததும் மலைச்சரிவுகள் அனைத்தும் வெண்பட்டு விரித்தாற்போல் ஒளிர்கின்றன. காற்றும் அடங்கிவிட்டது. மூன்று நாள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மனிதனுக்கு, இனி அச்சமில்லை, புறப்படலாம் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால், ஆல்ப்ஸ் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் புயலுக்கு அஞ்சியதைவிட, புயல் ஓய்ந்த அந்த மறுநாளுக்கே மிகுதியாக அஞ்சினார்கள். புயலின்போது எவனும் வெளியே போவதில்லை. புயல் ஓய்ந்தபின்தான் மனிதன் கதவைத் திறக்கிறான். மேலே மலையோ, காற்று கொண்டுவந்து குவித்த சுமையைத் தாங்கியும் தாங்காமலும் காத்திருக்கிறது. ஒரு மனிதனின் காலடி போதும். அச்சரிவு முழுவதும் விரிசல் கண்டு, ஒரு நொடியில் கீழ்நோக்கிப் பாயும். இதையே பனிச்சரிவு என்கிறோம்.

இந்தச் சரிவில் இன்று கால் வைக்கலாமா, கூடாதா? மிக எளிமையாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை தேடி மனிதன் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக உழைத்திருக்கிறான். அவ்வுழைப்பின் வரலாறு, பனியைப் பற்றியது மட்டுமன்று. ஆபத்தைக் கண்டறியும் மனித அறிவின் ஆற்றலையும் அதன் எல்லையையும் பற்றியது.

கணவாயின் காவலர்கள்

இன்றைய சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில் பெரிய புனித பெர்னார்டு கணவாய் அமைந்துள்ளது. உரோமையர் காலந்தொட்டே வணிகரும் போர்வீரரும் திருப்பயணியரும் கடந்து சென்ற வழி இது. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆவோஸ்தா நகரின் தலைமைத் திருத்தொண்டராயிருந்த பெர்னார்டு இக்கணவாயின் உச்சியில் வழிப்போக்கருக்காக ஓர் இல்லத்தை நிறுவினார். புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் அன்றுமுதல் இன்றுவரை அங்கே வாழ்ந்து, வருவோர்க்கு உணவும் உறைவிடமும் அளித்து வருகின்றனர்.

இவ்வில்லம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருபவை அங்கு வளர்ந்த பெரிய நாய்களே. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த 'பாரி' என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகச் சொல்லப்படுவதுண்டு. அதன் உடல் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஆனால், நாய்களின் புகழில் மறைந்துபோன மனிதர் சிலர் உண்டு. 'மரோனியே' என அழைக்கப்பட்ட வழிகாட்டிகளே அவர்கள். குளிர்காலத்தில் கணவாயின் இரு பக்கங்களிலும் இறங்கிச் சென்று, ஏறிவரும் பயணிகளை எதிர்கொண்டு அழைத்து வருவது அவர்களுடைய அன்றாடப் பணி. நீண்ட கழியால் பனியைக் குத்திப் பார்த்து, எந்தப் பக்கம் நடக்கலாம், எந்தப் பக்கம் ஆகாது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். அவர்களிடம் கருவி ஏதும் இல்லை, ஏடும் இல்லை. தந்தையிடமிருந்து மகன் கற்றதும், இறந்தவர்களின் நினைவும் மட்டுமே அவர்களுடைய நூலகம்.

இல்லத்துக்குக் கீழே சுவிஸ் பக்கத்தில் உள்ள பள்ளத்தாக்குக்கு 'இறந்தோர் பள்ளம்' என்று பெயர். பெயரே எச்சரிக்கை. எந்த இடத்தில் மலை எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்பதை அவர்கள் மறக்காமல் இருக்க, அந்நிலத்துக்கே அப்பெயரை இட்டுவிட்டனர். பனிச்சரிவின் ஆபத்தைக் கணித்த முதல் வரைபடம் இதுவே எனலாம். தாளில் வரையப்படாமல் நாவில் வரையப்பட்ட வரைபடம் அது.

1964இல் மலைக்கு அடியில் சுரங்கச்சாலை திறக்கப்பட்டது. அதன்பின் வணிகரும் வண்டிகளும் கணவாய்க்கு மேலே குளிர்காலத்தில் செல்ல வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. இன்று குளிர்காலத்தில் அவ்வில்லத்தின் கதவைத் தட்டுவோர், பனிச்சறுக்குக் கட்டைகளை அணிந்து தாமே விரும்பி ஏறி வருவோர். ஒருகாலத்தில் பிழைப்புக்காக ஏற்ற ஆபத்தை, இன்று மனிதர் மகிழ்ச்சிக்காக ஏற்கின்றனர். ஆனால் சரிவின் இயல்பு மாறவில்லை.

ஊர்கள் கற்ற பாடம்

பயணி ஒரு நாளில் கடந்து போய்விடுவான். மலையடிவாரத்தில் வாழ்பவனோ எங்கே போவான்? அவன் வேறு வகையில் சிந்திக்க வேண்டியவனாயிருந்தான். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊருக்கு மேலே ஒரு சிறு காடு உண்டு. அக்காட்டில் மரம் வெட்டுவதை அப்பள்ளத்தாக்கின் மக்கள் 1397ஆம் ஆண்டிலேயே எழுத்து மூலம் தடை செய்தனர். விறகுக்கும் வீட்டுக்கும் மரம் மிகவும் தேவைப்பட்ட குளிர்நாட்டில், கண்முன் நிற்கும் காட்டைத் தொடாதிருக்க ஓர் ஊரே உடன்படுவது எளிதன்று. ஒவ்வொரு மரமும் பனியைப் பிடித்து நிறுத்தும் ஓர் ஆணி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மரம் போனால் ஊரும் போகும் என்பதே அவர்களுடைய கணக்கு.

டாவோஸ் நகரை அடுத்துள்ள ஃபிரவுன்கிர்ஹ் என்னும் சிற்றூரின் பழைய ஆலயத்தைப் பார்ப்பவர் வியப்படைவர். அன்னையின் ஆலயம் என்ற பொருளைத் தன் பெயரிலேயே தாங்கிய அவ்வூரில், ஆலயத்தின் மலைநோக்கிய பின்சுவர் தட்டையாக இல்லை. கப்பலின் முன்முனையைப் போல ஆப்பு வடிவில் கூர்மையாகக் கட்டப்பட்டுள்ளது. மேலிருந்து வரும் பனி அக்கூர்முனையில் மோதி, இருபுறமும் பிரிந்து செல்ல வேண்டும் என்பது நோக்கம். மலை வராது என்று அவர்கள் நம்பவில்லை. வரும் என்று அறிந்தே கட்டினார்கள். கட்டியபின் அதற்குள் கூடி மன்றாடினார்கள். மன்றாட்டும் சுவரும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

மரபறிவில் பிழைகளும் கலந்திருந்தன. உரத்த ஒலி பனியைச் சரியச் செய்யும் என்ற அச்சம் அவற்றுள் ஒன்று. ஆபத்தான இடங்களைக் கடக்கையில் பேசாமலும், விலங்குகளின் மணிகளை ஒலிக்கவிடாமலும் சென்றனர். மனிதக் குரலின் அழுத்தம் பனியைச் சரிக்கப் போதாது என்பது பிற்கால ஆய்வின் முடிவு. பனியைச் சரிப்பது குரலன்று, கால். அமைதியாக நடந்தவன் தப்பியதற்குக் காரணம், அவன் அமைதியாயிருந்ததன்று. அன்று அச்சரிவு பெயரும் நிலையில் இல்லாததே. ஆனால் தப்பியவன் தன் வழக்கத்துக்கே நன்றி சொன்னான். இப்பிழையை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்; இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

காற்று என்னும் கொத்தன்

பனிச்சரிவை முறையாக ஆராயத் தொடங்கியவர்களுள் முன்னோடி யோஹான் கோவாஸ் (1822-1918). சுவிட்சர்லாந்தின் முதல் கூட்டாட்சி வன ஆய்வாளர் அவரே. 1850இல் பிஸ் பெர்னீனா சிகரத்தில் முதன்முதல் கால் பதித்தவரும் அவரே. வனக்காவலர்கள் வழியாக மலைநாடு முழுவதிலும் இருந்து செய்திகளைத் திரட்டி, சுவிஸ் ஆல்ப்ஸின் பனிச்சரிவுகளைப் பற்றிய நூலை 1881இல் வெளியிட்டார். ஊர் தோறும் கிழவர்களின் நினைவில் சிதறிக் கிடந்த அறிவு, முதன்முறையாக ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டது.

சில ஆண்டுகளுக்குப்பின் ஜெர்மானிய நிலவியலாளர் வில்ஹெல்ம் பவுல்கே (1873-1949) மற்றொரு வாசலைத் திறந்தார். 1897இல் பெர்ன் நாட்டு உயர்மலைகளைப் பனிச்சறுக்குக் கட்டைகளால் கடந்தவர் அவர். பனிச்சரிவுகளைக் கட்டுபவன் காற்றே என்பது அவருடைய புகழ்பெற்ற முடிவு. எவ்வளவு பனி பெய்தது என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த உலகை, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் கேட்கச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

இதைச் சற்று விளக்க வேண்டும். காற்றின்றிப் பெய்யும் பனி, இலவம் பஞ்சைப் போல் மென்மையானது. ஒரு கன மீட்டர் அளவின் எடை 100 கிலோவுக்கும் குறைவாகவே இருக்கக்கூடும். மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றே இத்தளர்ந்த பனியைப் பெயர்த்துக்கொண்டு போகப் போதுமானது. காற்றின் வேகம் இரட்டிப்பானால், அது சுமந்து செல்லும் பனி ஏறத்தாழ எட்டு மடங்காகும். களத்து மேட்டில் நெல்லைத் தூற்றும்போது காற்று பதரைத் தூக்கிச் சென்று அப்பால் குவிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே, மலைமுகட்டின் காற்றெதிர்ப் பக்கத்திலிருந்து வாரிய பனியை, முகட்டைத் தாண்டியதும் வேகம் குன்றிய காற்று மறைவுப் பக்கத்தில் கொட்டிவிடுகிறது. திறந்த வெளியில் முழங்காலளவு பனி பெய்திருக்க, மறைவான சரிவில் ஆள் உயரம் குவிந்திருக்கலாம். முகட்டின் விளிம்பில் வீட்டு இறவாரம் போலப் பனி நீட்டிக்கொண்டிருப்பதும் காற்று எப்பக்கம் வீசியது என்பதைக் காட்டும் அடையாளமே.

பறந்து உருளும்போது பனிப்படிகங்களின் மெல்லிய கைகள் ஒடிந்துவிடுகின்றன. ஒடிந்த துகள்கள் நெருங்கிப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, ஒரே பாளமாகின்றன. பாளம் உறுதியாயிருப்பதால் மனிதன் அதை நம்புகிறான். ஆனால் அதன் கீழே என்ன இருக்கிறது? பல நாள் வானம் தெளிந்து கடுங்குளிர் நிலவியிருந்தால், பழைய பனியின் துகள்கள் சீனிக் குருணை போல ஒட்டாத மணிகளாக மாறியிருக்கும். அந்த நலிந்த அடுக்கின்மேல் உறுதியான பாளம். மணல்மேல் வைத்த கற்பலகை எனலாம். அதன் நடுவே ஒருவன் கால் வைத்தால், கீழடுக்கு நொறுங்கி, அந்நொறுங்கல் கண்ணிமைப்பதற்குள் சரிவெங்கும் பரவுகிறது. பாளம் அவனுக்கு மேலே வெடித்துப் பிளக்கிறது. ஆகையால் அவன் அதன் விளிம்பில் இல்லை, நடுவில் நிற்கிறான். அது அவனையும் சேர்த்தே புறப்படுகிறது.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. காலடியில் பனி 'பொதுக்' என்ற ஓசையுடன் அமிழ்வது, சறுக்குக் கட்டையின் முனையிலிருந்து விரிசல் ஓடுவது, எதிர்ச் சரிவில் புதிதாகப் பனி சரிந்திருப்பது ஆகிய மூன்றும் மலை வெளிப்படையாகப் பேசும் சொற்கள். சரிவின் சாய்வும் முதன்மையானது. 30 பாகைக்கும் குறைந்த சாய்வில் பாளம் பெயர்வது அரிது. மிகவும் செங்குத்தான இடங்களில் பனி தங்காது அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சரிவுகளே மிகுதியான உயிர்களைக் குடித்தவை. பனிச்சறுக்குக்கு மிக இன்பமான சரிவுகளும் அவையே என்பதுதான் துயரம்.

கேட்கப்படாத மடல்

அறிவு இருந்தும் பயன்படாமற் போன ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். முதல் உலகப்போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையும் இத்தாலியப் படையும் டோலோமைட் மலைகளின் உச்சியில் குளிர்காலத்திலும் எதிரெதிரே நின்றன. மர்மொலாடா மலையின் கீழே கிரான் போஸ் என்னுமிடத்தில் ஆஸ்திரிய வீரர்களுக்கான மரக்குடியிருப்புகள் அமைந்திருந்தன. இத்தாலியப் பீரங்கிக் குண்டுகள் எட்டாத இடம் அது. பகைவனைப் பொறுத்தவரை அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. ஆனால் மேலே பனி குவிந்துகொண்டே போயிற்று. அங்கிருந்த தலைவர் கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட், மலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர். குடியிருப்பை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். மலையைப் பாராத மேலிடம் மறுத்துவிட்டது.

1916 டிசம்பர் 13ஆம் நாள் விடியற்காலை மலை இறங்கியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'வெள்ளை வெள்ளி' என்று மக்கள் வழக்கில் பெயர் பெற்றுவிட்ட அந்நாள் உண்மையில் ஒரு புதன்கிழமை. பார்வையற்றோரின் பாதுகாவலியெனப் போற்றப்படும் புனித லூசியாவின் திருநாள். அன்று பார்வை இருந்தவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவரிடம் பார்வை இல்லை. இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம், பொறுப்பில் இருக்கும் எவரும் தம் மேசைமேல் மறுமொழியின்றிக் கிடக்கும் மடல்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

குகையிலிருந்து அறிவிப்பு வரை

1931இல் சுவிட்சர்லாந்து பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வுக்கென ஓர் ஆணையத்தை அமைத்தது. 1936இல் டாவோஸ் நகருக்கு மேலே, 2,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள வைஸ்ஃபுளுயோக்கில் ஒரு மரக்குடிலில் ஆய்வு தொடங்கியது. ராபர்ட் ஹேஃபேலி என்னும் பொறியியலாளரும் ஹென்றி பாடர் என்னும் கனிமவியலாளரும் அக்குழுவில் இருந்தனர். பனி, விழுந்தபின் உறங்குவதில்லை, நாள்தோறும் உருமாறுகிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். பனியின் உருமாற்றம் பற்றிய அவர்களது நூல் 1939இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப்போரின்போது படையினருக்காகத் தொடங்கிய எச்சரிக்கைப் பணி, போர் முடிந்த 1945 முதல் பொதுமக்களுக்குமான அறிவிப்பாக மலர்ந்தது. இறந்தோர் பள்ளத்தில் கழியால் குத்திப் பார்த்த வழிகாட்டியின் பணியை, இனி ஒரு நாடே மேற்கொண்டது.

அறிவு வளர்ந்ததனால் இறப்பு நின்றுவிடவில்லை. 1951ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளுக்குப் பலியாயினர். 1954 ஜனவரி 11ஆம் நாள் ஆஸ்திரியாவின் பிளோன்ஸ் என்னும் சிற்றூரில் காலையில் ஒரு சரிவு இறங்கியது. ஊரார் புதையுண்டோரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்க, அன்று மாலையே மற்றொரு சரிவு வேறொரு பக்கத்திலிருந்து இறங்கி, மீட்க வந்தவர்களையும் மீட்கப்பட்டவர்களையும் ஒருங்கே மூடியது. சில நூறு பேரே வாழ்ந்த அவ்வூரில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்புப் பணியில் ஈடுபட்டிருப்பவனையும் மலை விலக்குவதில்லை. உதவச் செல்பவனும் முதலில் மேலே நோக்க வேண்டும் என்பது அவ்வூர் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

இத்துயரங்களுக்குப்பின் எந்நிலத்தில் வீடு கட்டலாம், எதில் கூடாது என்று ஆபத்து நிலப்படங்கள் வரையப்பட்டன. சரிவுகளின் தலைப்பில் இரும்பு வேலிகள் எழுந்தன. 1999 பிப்ரவரியில் 1951ஐ ஒத்த பெரும்பனி மீண்டும் வந்தபோது, சுவிட்சர்லாந்தில் உயிரிழந்தோர் 17 பேர். மனித உழைப்புக்குக் கிடைத்த பலன் இது. ஆனால் அதே மாதம் 23ஆம் நாள் ஆஸ்திரியாவின் கால்டூர் ஊரில் 31 பேரும், மறுநாள் பக்கத்துச் சிற்றூரான வால்சூரில் 7 பேரும் மாண்டனர். கால்டூரில் பனி பாய்ந்த இடங்களுள், நிலப்படத்தில் பாதுகாப்பானது எனக் குறிக்கப்பட்டிருந்த பகுதியும் ஒன்று. வாரக்கணக்கில் வீசிய காற்றும் பெய்த பனியும், மனிதன் வரைந்த கோட்டைக் கேட்டு நிற்கவில்லை.

அறிந்தும் செல்பவர்

1993இல் ஐரோப்பிய நாடுகளின் எச்சரிக்கைப் பணியகங்கள் ஐந்து படிகள் கொண்ட பொதுவான அளவுகோல் ஒன்றை ஏற்றன. முதற்படி குறைந்த ஆபத்து. ஐந்தாம் படி மிகப்பெரும் ஆபத்து. ஐந்தாம் படியில்தான் மிகுதியானோர் இறப்பர் என்று நாம் நினைப்போம். அவ்வாறன்று. நான்கு, ஐந்து என்று கேட்டால் மனிதர் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். நடுவிலுள்ள மூன்றாம் படியிலேயே மிகுதியான உயிர்கள் போகின்றன. 'மூன்று' என்னும் எண்ணில் 'போகலாம்' என்பதையும் வாசிக்கலாம், 'போகாதே' என்பதையும் வாசிக்கலாம். மனிதன் தான் விரும்பியதை வாசிக்கிறான்.

ஆகவே ஆய்வு மெல்லப் பனியிலிருந்து மனிதனை நோக்கித் திரும்பியது. சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர், பனியை மட்டும் தோண்டிப் பார்த்து முடிவு செய்தல் போதாது; வானிலையும் பனிநிலையும், நிலத்தின் வடிவம், செல்லும் மனிதர் ஆகிய மூன்றையும், வீட்டில் திட்டமிடும்போதும், இடத்தை அடைந்தபோதும், ஒவ்வொரு சரிவின் முன்னும் மும்முறை ஆராய வேண்டும் என்று கற்பித்தார். அமெரிக்க ஆய்வாளர் அயன் மெக்காமன் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான விபத்துகளை ஆராய்ந்தார். பயிற்சி பெற்றவர்களும், அடையாளங்களைக் கண்டவர்களும்கூட ஏன் சென்றார்கள் என்று கேட்டார். பழகிய சரிவு என்பதால் சென்றனர். தொடங்கிய பயணத்தை விட மனமின்றிச் சென்றனர். முன்னே ஒருவன் போன தடம் கண்டு சென்றனர். குழுவில் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று வாய்மூடிச் சென்றனர். பிறர் மதிப்பை இழக்க அஞ்சிச் சென்றனர். பெரும்பாலான விபத்துகளில் சரிவைப் பெயர்த்தது, புதையுண்டவரோ அவருடைய தோழரோதான். மலை அவர்கள்மேல் விழவில்லை. அவர்களே அதை எழுப்பினார்கள்.

முன்னர் சொன்ன பிழைக்கு இப்போது வருவோம். மணியை ஒலிக்கவிடாமல் கடந்தவன் தன் வழக்கமே தன்னைக் காத்ததென்று நம்பினான் அல்லவா? இன்றைய மனிதனும் அதிலிருந்து விடுபடவில்லை. ஆபத்தான சரிவை இருபதுமுறை கடந்து தப்பியவன், தன்னைத் திறமையாளன் என்று கருதுகிறான். மலை அவனிடம், 'நீ சரியாகக் கணித்தாய்' என்றும் சொல்வதில்லை. 'நீ தவறாகக் கணித்தாய், ஆயினும் தப்பினாய்' என்றும் சொல்வதில்லை. இரண்டுக்கும் ஒரே மௌனத்தையே விடையாகத் தருகிறது. அனுபவம் நல்ல ஆசான் என்பர். ஆனால் தவறு செய்தவனையும் சரி செய்தவனையும் ஒன்றுபோல் பாராட்டும் ஆசானிடம் என்ன கற்க முடியும்? தவறான துணிவு, தப்பியதனாலேயே வளர்கிறது.

தப்பாதவனுக்கோ காலம் மிகக் குறைவு. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, முழுவதும் புதையுண்டவர்களுள் 15 நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டோர் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் உயிர் பிழைத்தனர். 35 நிமிடம் ஆயின் நூற்றுக்கு 30 பேரே. ஊரிலிருந்து உதவி வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடுகிறது. உடன் வந்த தோழனே காப்பவன். 1968இல் உருவாக்கப்பட்ட மின்னலைக் கருவி புதையுண்ட இடத்தைக் காட்டும். ஆனால், போகலாமா கூடாதா என்பதை அது சொல்லாது.

விவேகம் என்னும் நற்பண்பு

புனித தோமா அக்குவினா விவேகத்தின் கூறுகளை எட்டாகப் பகுத்தார். கடந்ததை மறவாமை, நிகழ்வதை உணர்தல், பிறரிடம் கற்கும் பணிவு, நுண்மதி, பகுத்தாய்தல், வருவது காணல், சூழலை எண்ணுதல், எச்சரிக்கை என்பன அவை. பனிமலையை அவர் நினைத்து இதை எழுதவில்லை. ஆயினும், புயல் ஓய்ந்த மறுநாள் ஒரு சரிவின் அடியில் நிற்பவனுக்கு இவற்றுள் ஒன்றேனும் வேண்டாததென்று சொல்ல முடியுமா? மலையேறுவோரின் பாதுகாவலராகப் புனித பெர்னார்டை 1923இல் அறிவித்தவர் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர். அக்கிலே ராட்டி என்ற இளங்குருவாயிருந்தபோது, 1889இல் மோன்தே ரோசாவின் செங்குத்தான கிழக்கு முகத்தில் ஏறி, உச்சிக்கருகே ஒரு பாறை விளிம்பில் இரவைக் கழித்தவர் அவர். மலையேற்றத்துக்குத் துணிவு வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னே விவேகத்தை வைத்தார். விவேகம் கோழைத்தனமன்று, துணிவுக்குக் கண் தருவது அதுவே.

பனியறியாத நம் நாட்டுக்கு இது தொலைவான செய்தி என்று எண்ண வேண்டாம். 2016 பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சின் பனியாற்றில் 19,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்த காவல் முகாம்மீது பெரும் பனிக்கட்டிச் சுவர் இடிந்து சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறாம் நாள் ஒருவர் உயிருடன் எடுக்கப்பட்டபோது நாடே வியந்தது. பிப்ரவரி 11ஆம் நாள் அவரும் கண் மூடினார். அவர்கள் மகிழ்ச்சிக்காகச் செல்லவில்லை, அனுப்பப்பட்டுச் சென்றனர். அவர்களைக் கொன்றது காற்றுக் கட்டிய பனிப்பாளமன்று என்பது உண்மையே. ஆயினும், பனியைப் படிக்கும் கலை நம் தாய்மார்களின் பிள்ளைகளுக்கும் வேண்டிய கலை என்பதை அந்நாள் உணர்த்தியது.

ஆயிரம் ஆண்டு வரலாறு நமக்கு விட்டுச் செல்லும் எண்ணம் ஒன்று உண்டு. புயல் ஓய்வதும் ஆபத்து ஓய்வதும் ஒன்றல்ல. சண்டை ஓய்ந்த வீட்டில், கலவரம் அடங்கிய ஊரில், காய்ச்சல் இறங்கிய உடலில், காற்று குவித்துவிட்டுப் போன சுமை இன்னும் மேலே தங்கியிருக்கலாம். மேலே பார்க்கச் சொல்பவனுக்கு எவரும் நன்றி சொல்வதில்லை. திரும்பி வந்த பயணத்துக்குப் பாடல் இல்லை. நேராத விபத்துக்கு நினைவுக்கல் இல்லை. ஆண்டர்மாட்டின் காட்டில் மரம் வெட்டாதிருந்தவர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. ஆனால் காடு நிற்கிறது. அதன் கீழே ஊரும் நிற்கிறது.